தில்லிக் குளிரில் பசியை நம்பி ஓட முடியாது

பிப்ரவரி மாதப் பிற்பகுதியில் நடைபெறும் புது தில்லி மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள், தங்கள் பயிற்சியின் மிக நீண்ட ஓட்டங்களை ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில் ஓட வேண்டியிருக்கிறது. 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சியில் 28 முதல் 32 கிலோமீட்டர் வரையிலான ஓட்டங்கள் போட்டிக்கு எட்டு வாரங்கள் இருக்கும்போது தொடங்கி மூன்று வாரங்கள் இருக்கும்போது முடியும். தில்லியில் அந்தக் காலம் மார்கழியின் பிற்பாதியும் தை மாதமும் ஆகும். ஜனவரி விடியலில் இங்கே வெப்பநிலை 5 முதல் 8 டிகிரி வரை இருப்பது வழக்கம். 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. சென்னையிலும் திருச்சியிலும் ஓடிப் பழகிவிட்டு வேலைக்காக இங்கே வருகிற நம்மவர்கள், வெயிலை எப்படிச் சமாளிப்பது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். குளிர் கேட்கிற கணக்கு வேறு. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர்கால ஓட்டம் என்றாலே கையுறை, தொப்பி, மேலாடை என்று உடையைப் பற்றிய பேச்சுத்தான் முதலில் எழுகிறது. உடை முக்கியம்தான்; அதற்கும் வருகிறேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒருவரைக் குளிரிலிருந்து காப்பது முதலில் அவர் உண்ணும் மாவுச்சத்துதான் (சர்க்கரையும் உட்பட்ட கார்போஹைட்ரேட்) என்பது பல குளிர்காலங்களில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஓடும் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அடுப்பில் விறகு தீர்ந்துபோனால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேலாடையும் நெடுநேரம் கைகொடுக்காது.

கணக்கு எளிமையானது. சமதரையில் ஓடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 650 கிலோகலோரி ஆகிறது. இதில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் உடலை முன்னே கொண்டு செல்லும் வேலைக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. மே மாதத்தில் நம்மை வாட்டுவதும் ஜனவரியில் நம்மைக் காப்பதும் இதே வெப்பம்தான். அவரே சர்க்கரை தீர்ந்து, களைத்து, நடக்கத் தொடங்கினால் இந்த வெப்பம் சில நிமிடங்களில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். வீட்டுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். குளிர்கால ஓட்டத்தின் உண்மையான ஆபத்து ஓடத் தொடங்கும் அந்த நடுங்கும் முதல் பத்து நிமிடங்களில் இல்லை. எரிபொருள் தீர்ந்து வேகம் குறையும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

நன்றாக உண்டு ஓய்வெடுத்த ஒருவருடைய தசைகளில் 300 முதல் 500 கிராமும், கல்லீரலில் 80 முதல் 100 கிராமும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கும். கிராமுக்கு 4 கிலோகலோரி என்று வைத்தால் மொத்தம் 2,000 கிலோகலோரி அளவுதான். மேலே சொன்ன 65 கிலோ எடைக்காரர் முழு மாரத்தானை ஓடி முடிக்க 2,700 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பு ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மெலிந்த உடலில்கூட அது தீராத அளவுக்கு இருக்கிறது. ஆனால் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகவே வருவதால், வேகம் கூடக்கூட உடல் சர்க்கரையையே நாடுகிறது. 30ஆவது கிலோமீட்டரை ஒட்டிச் சுவரில் மோதியதைப் போல நின்றுவிடுகிறோம் என்று மாரத்தான் ஓடுகிறவர்கள் சொல்வது இந்தச் சேமிப்பு அடிமட்டத்தைத் தொடுவதால்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிர் ஓடுவதற்கு எதிரி கிடையாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பும் வேலை குறைவதால், நெடுந்தூர ஓட்டத்துக்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை அதுதான். சீரான வேகத்தில், நனையாத உடையோடு ஓடிக்கொண்டிருக்கும் வரை தில்லியின் ஜனவரி நமக்கு ஒரு கொடை. வேகம் குறைந்து உடல் உள்ளே குளிரத் தொடங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. நடுக்கம் என்பது வெப்பத்துக்காகத் தசைகள் தாமாகவே சுருங்கி விரிவது. அதற்கும் சர்க்கரை எரிகிறது. குளிர்ந்த தசை அதே வேலைக்கு அதிக ஆற்றலைக் கேட்கிறது. ஏற்கெனவே குறைந்துவிட்ட சேமிப்பிலிருந்து இரட்டைச் செலவு தொடங்குகிறது.

சென்ற குளிர்காலத்தில், ஆர்.கே. புரத்திலிருந்து ஓடும் எங்கள் குழுவில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். ஊரில் நன்றாக ஓடியவர். சாணக்கியபுரி வழியாக இந்தியா கேட் போய், கர்த்தவ்ய பாதையில் சுற்றிவிட்டுத் திரும்பும் நீண்ட ஓட்டத்தில், 25 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு சாந்தி பாதையில் அவருடைய பேச்சு நின்றுபோனது. என்ன என்று கேட்டதற்கு, "பசியே இல்லண்ணா, தாகமும் இல்ல. கை மட்டும் சொன்னபடி கேட்க மாட்டேங்குது" என்றார். ஜாக்கெட்டின் ஜிப்பை அவரால் மேலே இழுக்க முடியவில்லை. அதுவரை அவர் இரண்டு மடக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் உட்கொள்ளவில்லை. உடனே ஓட்டத்தை நிறுத்தி, ஆட்டோ பிடித்து, முதலில் தென்பட்ட தேநீர்க் கடையில் உட்கார வைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீயும் வாழைப்பழமும் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்குள் அவர் முகம் தெளிந்தது.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் குளிர்கால உணவின் முழுச் சிக்கலும் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைவதற்கும் உடல் வெப்பம் குறைவதற்கும் தொடக்க அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே: விரல் தடுமாறும், நாக்கு குழறும், கால் இடறும், முடிவெடுப்பது மந்தமாகும். இரண்டும் சேர்ந்து வரும்போது எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை. ஓட்டத்தை நிறுத்துவது, நனைந்ததைக் களைவது, காற்றிலிருந்து மறைவது, இனிப்பான சூடான எதையாவது கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட வேண்டும். விழுங்க முடியாத அளவுக்கு நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சர்க்கரைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இந்த உறவை மருத்துவர்கள் கண்டறிந்து நூறாண்டு ஆகிவிட்டது. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிந்தவுடன் சில ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, வெளிறி, தளர்ந்து, குழம்பிய நிலையில் வந்தவர்களிடம் சர்க்கரை மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு, போட்டிக்கு முன்பே மாவுச்சத்து மிகுந்த உணவும் ஓட்டத்தின்போது மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு குறையாமல் நின்றது, ஓடியவர்களும் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். இன்று ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் விற்கப்படும் ஜெல் (ஓடும்போது பிதுக்கி உண்ணும் சர்க்கரைப் பசை) பெட்டிகளின் பின்னால் இருப்பது அந்த மிட்டாய்தான்.

பசியையும் தாகத்தையும் குளிரில் ஏன் நம்ப முடியாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர் பட்டவுடன் தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் உடலின் நடுப்பகுதியில் குவிகிறது. நடுப்பகுதியில் ரத்தம் கூடியதும், உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று கொண்டு சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. குளிர்காலக் காலையில் ஓடப் புறப்படுமுன் இரண்டு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான். அதே காரணத்தால் தாக உணர்வும் மங்குகிறது. இதற்கிடையில், உள்ளிழுக்கும் வறண்ட குளிர்காற்றை நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. வாயிலிருந்து புகையாகக் கிளம்புவது நம் உடலின் நீர். அடுக்கடுக்கான உடைக்குள் வியர்வையும் வெளியே தெரியாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆக நீர் போய்க்கொண்டிருக்கிறது, கேட்பதற்கு உடல் வாய் திறப்பதில்லை. தண்ணீர் குடிக்கத் தோன்றாதபோது, தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போக வேண்டிய சர்க்கரையும் போவதில்லை. கோடையில் தாகத்துக்காக நிற்கும் இடங்களில் தற்செயலாக உணவும் நடந்துவிடும். குளிரில் அந்தத் தற்செயல் இல்லை.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து உண்ண வேண்டும். ஓடத் தொடங்கி 35 அல்லது 40 நிமிடங்களில் முதல் முறை, பின்னர் ஒவ்வொரு 25 அல்லது 30 நிமிடத்துக்கும் ஒருமுறை என்று கைக்கடிகாரத்தில் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். இரண்டரை மணி நேரம் வரையிலான ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பதும், அதற்கு மேல் போனால் மணிக்கு 90 கிராம் வரை என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 60 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு: சிறுகுடலில் குளுக்கோஸை உள்ளே எடுத்துச் செல்லும் வழி மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை. ஃபிரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை வேறொரு வழியாகப் போவதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் மட்டுமே 90ஐ எட்ட முடிகிறது. சோறும் இட்லியும் செரிமானத்தில் குளுக்கோஸாகின்றன; சர்க்கரையும் வெல்லமும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகச் சம அளவில் பிரிகின்றன. நம் சமையலறையில் இருக்கும் வெல்லம் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகிற பொருள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் 90 என்பதை ஒரே நாளில் முயலக் கூடாது. வயிறும் கால்களைப் போலவே வாரக்கணக்கில் பழக்கப்பட வேண்டிய உறுப்பு. எங்கள் குழுவில் பெரும்பாலோர் 45 முதல் 60 வரையிலேயே நன்றாக ஓடுகிறார்கள். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இந்த எண்களை அப்படியே பின்பற்றாமல் தங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

என்ன உண்பது என்பதில் குளிர் தனியான நிபந்தனைகளை வைக்கிறது. ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். 5 டிகிரியில் அது பசைபோல் கெட்டியாகிவிடும், பிதுக்கினாலும் எளிதில் வராது. இடுப்புப் பட்டையின் உட்பக்கம், உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் இளகியே இருக்கும். மரத்துப்போன விரலால் பாக்கெட்டின் மூலையைக் கிழிப்பது கடினம் என்பதால், வீட்டிலேயே ஓரத்தைச் சிறிது வெட்டிவைப்பது நல்லது. கடலை மிட்டாயும், தில்லியில் இந்தப் பருவத்தில் குவியும் எள் மிட்டாய்களான கஜக்கும் ரேவடியும் சுவையில் நிகரற்றவை. ஆனால் ஓடும்போது உண்ண நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிரில் கல்லாக இறுகும், பல்லில் ஒட்டும், மூச்சிரைக்கும்போது துணுக்கு தொண்டையில் சிக்கும். வேர்க்கடலையிலும் எள்ளிலும் உள்ள கொழுப்பு வயிற்றை மந்தமாக்கும். அவை ஓட்டம் முடிந்த பிறகு உண்ண வேண்டியவை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், சிறு துண்டுகளாக வெட்டிய வாழைப்பழம், உப்புத் தூவி வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு ஆகியவை குளிரிலும் மென்மையாக இருக்கும். தெருவோரத்தில் கரியில் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, எலுமிச்சையும் மசாலாவும் இல்லாமல் வாங்கிக்கொண்டால் அதுவும் நன்றாகவே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, சிறிய தெர்மாஸ் குடுவையில் கொண்டுபோகும் வெந்நீர்க் கரைசல். அரை லிட்டர் வெந்நீரில் 35 கிராம் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் சிறிது சுக்குப் பொடியும் சேர்த்தால், 6 முதல் 7 சதவீதக் கரைசல் கிடைக்கிறது. வயிற்றிலிருந்து விரைவாக வெளியேறிக் குடலுக்குப் போகும் செறிவு ஏறத்தாழ அதுதான். குடுவையைச் சுமந்து ஓட வேண்டியதில்லை. நேரு பூங்காவை மையமாக வைத்துச் சுற்றுகளாக ஓடினால், அங்கே நிறுத்தியிருக்கும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐஸ்போல் குளிர்ந்த தண்ணீரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடிப்பவர்கள், வெதுவெதுப்பாகக் கொடுத்தால் ஒரு குவளையை முழுதாகக் குடிக்கிறார்கள். சூடான பானம் உடலுக்குக் கொடுக்கும் வெப்பம் மிகச் சிறிது. அது குடிக்க வைக்கிறது என்பதே அதன் பெரிய பயன்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு தெளிவு தேவைப்படுகிறது. நம் நாட்டு ஓட்டக்காரர்களில் பலர் அதை எரிபொருளாகக் கருதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. அது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் மீட்பதற்காக உருவாக்கப்பட்ட அருமையான மருந்து. ஆனால் அதை மட்டும் குடித்து மணிக்கு 45 கிராமை எட்ட, மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அப்படிக் குடிப்பது ஆபத்து. வியர்வை குறைவாக உள்ள குளிர்காலத்தில் தேவைக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியத்தின் அளவு நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அந்த நிலை இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது மிகுதியாகக் காணப்பட்டது. தில்லியின் ஜனவரியில் மணிக்கு 300 முதல் 500 மில்லிலிட்டர் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஒவ்வொருவரும் தமக்கான அளவைக் கண்டுகொள்ளலாம். ஒரு கிலோ வரை குறைந்திருந்தால் கவலைப்பட ஏதுமில்லை, கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடிக்க வேண்டும்.

தில்லியில் குளிரைப் பற்றிப் பேசும்போது காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அது உணவு நேரத்தையும் மாற்றிவிடுகிறது. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் சூடான காற்று மூடிபோல் அமைந்துவிடுவதால், புகையும் தூசியும் கீழேயே தேங்குகின்றன. சூரியன் தரையைச் சூடாக்கிய பிறகுதான் அந்த மூடி விலகுகிறது. ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடும் நம்மூர்ப் பழக்கம் இங்கே குளிருக்கும் ஒத்துவராது, நுரையீரலுக்கும் ஒத்துவராது. ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுப்பவர் நீண்ட ஓட்டத்தில் 50 லிட்டருக்கும் மேல் இழுக்கிறார். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் தூரத்தைக் குறைக்கிறேன். 300ஐத் தாண்டி 'மிக மோசம்' என்ற வகைக்குள் போனால் வெளியே ஓடுவதில்லை, டிரெட்மில்லுக்குப் போய்விடுகிறேன். கழுத்தில் அணியும் துணியை மூக்கின் மேல் இழுத்துவிட்டால் குளிர்காற்று சற்றுச் சூடாகி உள்ளே போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உதவும். நுண்துகள்களை அது தடுக்காது.

நீண்ட ஓட்டத்தைப் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குத் தள்ளிவைப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை காலை உணவு. இரவு முழுவதும் மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக் கொடுத்துக் கல்லீரலின் சேமிப்பு காலையில் பெரிதும் குறைந்திருக்கும். தசைகளின் சேமிப்பு அப்படியே இருக்கும். விடியலில் ஓடுகிறவர் பெரும்பாலும் ஒரு வாழைப்பழத்தோடு புறப்படுகிறார். மூன்று மணி நேரம் கையில் இருந்தால், எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற அளவில் நிதானமாக உண்டுவிட்டுப் போகலாம். நான் குறிப்பிட்ட 65 கிலோ எடைக்காரருக்கு அது 130 கிராம்: ஆறு இட்லி, இரண்டு வாழைப்பழம், சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபி. சட்னியில் தேங்காயைக் குறைத்துக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. இட்லியைப் போல் ஓட்டக்காரருக்குப் பொருந்திய உணவு வேறொன்றை நான் கண்டதில்லை. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது, நார் குறைவானது.

உடையைப் பற்றி நான் சொல்ல இருப்பது சிறிதுதான். வெப்பநிலை இருப்பதைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால் எப்படி உடுத்துவீர்களோ அப்படி உடுத்த வேண்டும். முதல் கிலோமீட்டரில் குளிர வேண்டும். பருத்தி பனியன் கூடாது, ஏனென்றால் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், பருத்தியோ வியர்வையை விடாமல் பிடித்துக்கொள்ளும். 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது 1 டிகிரிபோல் இருக்கும் என்பதால், போகும்போது காற்றை எதிர்த்தும், வியர்த்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கியும் ஓடும்படி வழியை வகுப்பது நல்லது. கையுறை அவசியம், கைகள் மரத்துப்போனால் உணவையும் எடுக்க முடியாது.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டி உண்பதன் பின்னால் மிக அழகான ஒரு சோதனை இருக்கிறது. 1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கங்களிலும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்து, பிறகு மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு தொடைகளிலிருந்தும் ஊசியால் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஓய்வில் இருந்த காலில் மாற்றம் இல்லை. உழைத்த காலில் கிளைகோஜன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. உழைத்த தசைதான் உணவை இழுத்துச் சேமிக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

இன்று சொல்லப்படும் அளவு, போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம். 65 கிலோவுக்கு அது 650 கிராமுக்கும் மேல். ஒரு கிலோ சோற்றில் இருப்பது ஏறக்குறைய 280 கிராம்தான் என்பதைப் பார்த்தால் இதன் பருமன் விளங்கும். சோற்றால் மட்டும் எட்ட முயன்றால் வயிறு வெடிக்கும். பழச்சாறு, வெல்லப் பாயசம், ஜவ்வரிசிக் கஞ்சி, தேன் தடவிய ரொட்டி என்று பருமன் குறைந்தவற்றால் நிரப்ப வேண்டும். அந்த இரண்டு நாட்களில் கீரையையும் பயறு வகைகளையும் ஒதுக்கிவைக்கலாம். பிப்ரவரி தில்லியின் திருமணப் பருவம்; விருந்தில் கிடைக்கும் சோலே பட்டூரேயும் பனீர் மக்கனியும் கொழுப்பை மிகுதியாகக் கொடுக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் நீரும் சேர்ந்து தங்குவதால் எடை ஒரு கிலோவோ சற்று மேலாகவோ கூடும். அது கொழுப்பு இல்லை, ஓட்டத்தில் பயன்படப் போகிற நீர்.

தில்லியில் பயிற்சி எடுத்துவிட்டு ஜனவரியில் மும்பை மாரத்தானுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே 6 டிகிரியில் மணிக்கு 400 மில்லிலிட்டரில் பழகிய உடல், அங்கே கடற்காற்றின் ஈரத்திலும் ஏறும் வெயிலிலும் அதைவிடப் பெரிதும் கூடுதலாகக் கேட்கும். மாவுச்சத்தின் அளவை மாற்றாமல், தண்ணீரையும் உப்பையும் மட்டும் கூட்டிக்கொள்வது சரியாக இருக்கும். செறிந்த கரைசலைக் குடித்துப் பழகியவர்கள் அதை நீர்த்துக்கொள்ள வேண்டும்.

புது தில்லி மாரத்தான் நாளில் ஓட்டம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. ஜவாஹர்லால் நேரு மைதானத்தருகே வரிசையில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும். அங்கே நடுங்கிக்கொண்டு நிற்பது இரண்டு நாட்களாகச் சேர்த்ததை ஓடுமுன்பே செலவழிப்பது. பழைய ஸ்வெட்டர் ஒன்றை அணிந்துபோய், தொடக்க மணி அடிக்குமுன் கழற்றி அங்கேயுள்ள தொண்டர்களிடம் கொடுத்துவிடலாம். முடித்தவுடன் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் முதலில் நனைந்த உடையை மாற்ற வேண்டும், பிறகு உண்ண வேண்டும். வேகம் நின்ற பிறகும் குளிர்ந்த கை கால்களிலிருந்து திரும்பும் ரத்தம் உடலை உள்ளே குளிர்வித்துக்கொண்டிருப்பதால், முடித்துப் பத்து இருபது நிமிடங்கள் கழித்துத்தான் பலருக்கு நடுக்கம் எடுக்கிறது. முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்குக் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்தும், அதோடு 20 முதல் 25 கிராம் புரதமும் உட்கொண்டால் தசைகள் விரைவாக மீளும். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெண்பொங்கலும் ஒரு தம்ளர் சூடான பாலும் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. வாய் அகன்ற தெர்மாஸில் போட்டு, உலர்ந்த மாற்றுடையோடு சேர்த்துப் பையில் வைத்து, முந்தைய இரவே தயாராக வைத்துக்கொள்ளலாம்.